வீட்டுக்கு வந்த வரிக் கடிதம்

அந்தக் காலத்தில் தந்திச் சேவகன் வாசலில் வந்து நின்றால், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்பே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்களாம். 2013-ஆம் வருஷம் ஜூலை மாதத்தோடு நம் தேசத்தில் தந்தி நின்றுபோயிற்று. ஆனால் தந்தி விட்டுச் சென்ற திகில் மட்டும் எங்கும் போய்விடவில்லை. அதை வருமான வரி இலாகா சுவீகாரம் எடுத்துக்கொண்டு பத்திரமாக வளர்த்து வருகிறது. இதை நாம் அறிந்துகொண்டது 2023-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்து மழை இரவு ஒன்றில்.

காலாண்டுப் பரீட்சை விடைத்தாள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். செல்பேசி ஒரு தடவை முனகிற்று. பெங்களூரில் வருமான வரிக்காரர்கள் வைத்திருக்கும் மத்தியச் செயலாக்க மையத்திலிருந்து மின்னஞ்சல்! '143(1)-ஆவது பிரிவின் கீழ் அறிவிப்பு' என்று தலைப்பு. இரு கரங்களாலும் செல்பேசியைப் பிடித்துக்கொண்டோம்.

"என்னங்க, வரியைச் சம்பளத்துலேயே பிடிச்சுக்கிட்டுத்தானே குடுக்கிறாங்க? அப்புறம் என்ன கடுதாசி?" என்று கேட்டாள் இல்லத்தரசி. நியாயமான கேள்விதான். பதில் கடிதத்துக்குள் இருந்தது. கடிதமோ பூட்டிக் கிடந்தது. ஆம், வாசகர்களே, இந்தக் கடிதத்துக்குப் பூட்டு உண்டு. உங்கள் பான் எண்ணும், அதை அடுத்து நீங்கள் பிறந்த தேதி, மாதம், வருஷம் எட்டு இலக்கங்களும் சேர்ந்ததுதான் சாவி. நாம் மூன்று முறை திருப்பினோம், திறக்கவில்லை. கடைசியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் எட்டிப் பார்த்து, "அப்பா, இங்கிலீஷ் எழுத்தெல்லாம் சின்ன எழுத்தா அடிக்கணும்" என்றாள். திறந்துகொண்டது. பட்டம் வாங்கி இருபது வருஷத்துக்கு மேல் பாடம் சொல்லிக் கொடுத்தவர் என்ற கௌரவம் அன்றிரவு முதல் அடியை வாங்கியது.

உள்ளே பக்கம் பக்கமாக எண்கள். இடது பத்தியில் ஓர் எண், வலது பத்தியில் ஓர் எண். நாம் எல்லாரும் செய்வதையே செய்தோம். அதாவது நடுவில் இருப்பதையெல்லாம் விட்டுவிட்டுக் கடைசி வரிக்குத் தாவினோம். 'செலுத்த வேண்டியது ரூ. 19,270.' முப்பது நாள் கெடு.

நம் தாயார் ஊஞ்சலில் உட்கார்ந்து இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். அவர் சிறு பெண்ணாக இருந்தபோது சிவகாசிப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் பாண்டரோல் ஒட்டியவர். இளைய வாசகர்களுக்கு அது என்னவென்று தெரிந்திருக்க நியாயமில்லை. 1934-ல் வெள்ளைக்காரன் தீப்பெட்டிக்கு எக்ஸைஸ் வரிச் சட்டம் கொண்டுவந்தான். ஐயநாடாரும் சண்முக நாடாரும் 1922-ல் கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் தீப்பெட்டி செய்யத் தொடங்கிப் பத்து வருஷத்துக்குச் சற்று மேல் ஆகியிருந்த சமயம். வரி கட்டியாயிற்று என்பதற்கு அடையாளமாக ஒவ்வொரு பெட்டியின் மேலும் சர்க்கார் அச்சடித்த ஒரு காகிதப் பட்டையை ஒட்ட வேண்டும். அதுதான் பாண்டரோல். சுதந்திரம் வந்த பிறகும் அந்தப் பட்டை பல காலம் இருந்தது. ஒன்று கிழிந்தால் கணக்குப்பிள்ளை போடும் சத்தம் தெருவுக்குக் கேட்குமாம். அது பசை தடவிய பணம் அல்லவா!

தாயார் கேட்டார்: "ஐயா, அந்தப் பட்டையை ஒட்டுனா வரி கட்டியாச்சுன்னு எழுதப் படிக்கத் தெரியாதவளுக்கும் தெரியும். இதிலே அவங்க என்னதான் கேக்குறாங்க? எதுக்குக் கேக்குறாங்க?"

'எவ்வளவு' என்பது நமக்குத் தெரிந்திருந்தது. 'எதற்கு' என்பது தெரியவில்லை. பேசாமல் படுக்கப் போய்விட்டோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பையன்களிடம் 'வினாவை முழுதும் படி, பிறகு விடை எழுது' என்று எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்போம்! அதை நாமே செய்து பார்ப்பதென்று தீர்மானித்து, கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஒரு மணி நேரத்தில் அதன் சுபாவம் புரிந்துவிட்டது.

வரிக் கடிதத்தில் மிக முக்கியமானது தொகை அல்ல, பிரிவு எண்தான். 143(1) என்றால், 'நீர் கொடுத்த கணக்கை எங்கள் யந்திரம் கூட்டிப் பார்த்தது. இது முடிவு' என்று பொருள். கணக்குக் கொடுத்த எல்லாருக்கும் வரும். பணம் திரும்பி வருகிறது என்று சொல்வதும் அதே கடிதம், ஒன்றும் இல்லை என்று சொல்வதும் அதே கடிதம், இன்னும் கட்டு என்று சொல்வதும் அதே கடிதம். அதில் குற்றச்சாட்டு என்ற பேச்சே கிடையாது. 139(9) என்றால் படிவத்தைக் குறையோடு பூர்த்தி செய்திருக்கிறீர், பதினைந்து நாளில் திருத்தும் என்பது. 148 என்றால் மட்டும் பழைய வருஷத்துக் கணக்கை மறுபடி திறக்கிறார்கள். அன்று மாலையே ஆடிட்டர் வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். இவை 1961-ஆம் வருஷச் சட்டத்து எண்கள். நாம் பாடுபட்டு மனப்பாடம் செய்து முடித்த கையோடு 2025-ல் பாராளுமன்றம் புதுச் சட்டம் செய்து, 2026 ஏப்ரல் முதல் தேதி தொட்டு எண்களையெல்லாம் மாற்றி வைத்துவிட்டது! பழைய வருஷங்களுக்கு வரும் கடிதங்களில் பழைய எண்களே இருக்கும் என்பதால் படித்தது முழுதும் வீண் போகவில்லை என்று ஆறுதல் கொள்கிறோம்.

அடுத்தது வருஷம். நம் கடிதத்தில் 2023-24 என்று இருந்தது. 'இந்த வருஷத்துச் சம்பளத்துக்கு இன்னும் கணக்கே கொடுக்கவில்லையே' என்று இல்லத்தரசி திகைத்தாள். அது மதிப்பீட்டு வருஷம். சம்பாதித்த வருஷம் அதற்கு முந்தியது. இந்த ஒரே குழப்பத்தினால் ஊரில் எத்தனை பேர் தூக்கம் கெட்டார்களோ! புதுச் சட்டத்தில் இரண்டையும் ஒழித்து 'வரி வருஷம்' என்று ஒன்றையே வைத்திருக்கிறார்கள். எண்களை மாற்றிய பாவத்துக்கு இது பிராயச்சித்தம் என்று கொள்ளலாம்.

மூன்றாவதாக அந்த இரண்டு பத்திகள். இடது பக்கம் நாம் சொன்னது, வலது பக்கம் அவர்கள் ஒப்புக்கொண்டது. மேலிருந்து கீழே விரலை வைத்துக்கொண்டே வந்தோம். சம்பளம் சரி. கழிவுகள் சரி. வரி சரி. '89-ஆவது பிரிவு நிவாரணம்' என்ற இடத்தில் விரல் நின்றது. இடது பக்கம் 17,200. வலது பக்கம் பூஜ்யம். அவ்வளவுதான் சங்கதி. மீதி வட்டி.

நமக்குத் தேர்வுநிலை ஊதியம் சில வருஷம் தாமதமாக உத்தரவாகி, நிலுவை முழுதும் ஒரே மூட்டையாக வந்திருந்தது. பல வருஷத்துப் பணம் ஒரே வருஷத்தில் வந்தால் வரி விகிதம் ஏறிவிடும் அல்லவா? அந்த அநியாயம் நேராதிருக்கத்தான் 89-ஆவது பிரிவு. ஆனால் அதைக் கேட்க வேண்டுமானால் 10-இ என்ற படிவத்தை முதலில் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2015-16 மதிப்பீட்டு வருஷம் முதல் இருந்து வரும் விதி. நாம் நிவாரணத்தை எழுதினோம், படிவத்தை மறந்தோம். யந்திரம் படிவத்தைத் தேடிற்று, காணவில்லை, பூஜ்யம் போட்டுவிட்டது. விண்ணப்பம் இணைக்காத மாணவனுக்கு நாம் லீவு கொடுத்ததுண்டா? 10-இ படிவத்தைத் தாக்கல் செய்து, 154-ஆவது பிரிவின்படி திருத்தம் கோரினோம். ஆறு வாரத்தில் மறு கடிதம் வந்தது. செலுத்த வேண்டியது: ஒன்றுமில்லை.

தாயாரிடம் போய், "படிவம் ஒண்ணு குடுக்க மறந்துட்டேம்மா, அதைத்தான் கேட்டிருக்காங்க" என்றோம். "இதுக்குத்தானா ராத்திரி சோறு இறங்கலை?" என்றார்.

இதற்குப் பிறகு நமக்கு ஊரில் ஒரு பட்டம் வந்து சேர்ந்தது. ஆசிரியர் ஓய்வறையில் விஷயத்தைச் சொல்லப் போக, 'வரிக் கடிதம் படிக்கிற வாத்தியார்' என்று பெயராகிவிட்டது. கைரேகை பார்ப்பவரிடம் வருவதுபோல் ஒவ்வொருவராகச் செல்பேசியை நீட்டிக்கொண்டு வரலானார்கள். பாதிக் கடிதங்கள் போலி. 'உமக்கு 15,490 ரூபாய் திரும்பி வருகிறது. இங்கே தட்டி வங்கி விவரம் தருக' என்ற ரகம். 2019 அக்டோபர் முதல் தேதியிலிருந்து வருமான வரி இலாகாவின் மெய்யான கடிதங்களில் டி.ஐ.என். என்ற ஆவண எண் இருக்க வேண்டும்; அந்த எண்ணை இலாகாவின் இணையதளத்திலேயே போட்டு, கடிதம் அவர்கள் அனுப்பியதுதானா என்று யாரும் சரிபார்க்கலாம். பயந்தவனுக்கு இதெல்லாம் தோன்றுவதில்லை. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அந்தப் 15,490-ஐ வாங்கிக்கொள்ள ஏறக்குறையத் தட்டியே விட்டார். பேரன் பறித்தானோ, பிழைத்தாரோ!

இப்படி நம்மைத் தேடி வந்தவர்களுள் ஒருவரைப் பற்றித்தான் சற்று விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும்.

2024 ஆகஸ்டு 17, சனிக்கிழமை. சிவகாசியிலிருந்து பஸ் ஏறி, நம்மிடம் படித்த பையன் ஒருவனின் தகப்பனார் மஞ்சள் பையோடு வந்தார். சிறிய அச்சுக்கூடம் வைத்திருப்பவர். காலண்டர்தான் அவர் ஜீவனம். ஆடிப்பெருக்கன்று புது வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அன்றிலிருந்து ஆர்டர் வரும், காகிதம் வாங்க வேண்டும், யந்திரம் ஓட வேண்டும். ஆடிப்பெருக்கு ஆகிப் பதினைந்து நாள்தான் ஆகியிருந்தது.

"வாங்க அண்ணாச்சி" என்றோம். அவர் உட்காரவில்லை.

"சார், பேங்க்குல கணக்கை முடக்கிட்டாங்க. பேப்பருக்குக் குடுத்த செக் திரும்பிருச்சு. இன்னைக்குச் சனிக்கிழமை, சம்பள நாள். வீட்டுக்காரி வளையலை வச்சுத்தான் ஆளுகளுக்குப் பட்டுவாடா பண்ணிட்டு வாரேன்."

வங்கிக் கடிதத்தை வாங்கிப் பார்த்தோம். ஜி.எஸ்.டி. பாக்கி 4 லட்சத்து 32 ஆயிரம். 2018-19-ஆம் வருஷத்துக்கு!

"இதற்கு முன் இலாகாவிலிருந்து கடிதம் எதுவும் வரவில்லையா, அண்ணாச்சி?"

"பிள்ளைக மேல சத்தியமாச் சொல்றேன் சார், ஒரு துண்டுக் காகிதம் வரலை."

அவர் பொய் சொல்லவில்லை. இலாகாவும் பொய் சொல்லவில்லை. அவருடைய கணக்கை இணையதளத்தில் திறந்தபோது அது விளங்கிற்று. 'கூடுதல் நோட்டீஸுகள்' என்று ஓர் உள்ளறை. அதற்குள் 2023 செப்டம்பரில் வித்தியாசத்துக்கு விளக்கம் கேட்டு ஒன்று. டிசம்பரில் காரணம் காட்டச் சொல்லி ஒன்று. நேரில் வந்து சொல்லலாம் என்று மூன்று தேதிகள். 2024 ஏப்ரல் 26-ல் உத்தரவு. எல்லாம் வரிசையாக, கலையாமல், யாரும் தொடாமல் கிடந்தன. இவை வந்திருப்பதாகச் சொல்லும் மின்னஞ்சல்கள் யாருக்குப் போயின? பதிவு செய்யும்போது கொடுத்திருந்த விலாசம், இரண்டு வருஷத்துக்கு முன் வேலையை விட்டுப் போன கணக்கருடையது!

விஷயம் இன்னும் வேதனையானது. பாக்கி என்று சொன்னதில் வரி 2,16,000. அது அவர் காகிதம் வாங்கியபோது கட்டிய வரிக்கு எடுத்துக்கொண்ட வரவு. விற்ற வியாபாரி தம் கணக்கில் இவருடைய ஜி.எஸ்.டி. எண்ணை எழுதாமல், சில்லறையாக யாரோ வாங்கியதுபோல் காட்டிவிட்டார். ஆகையால் இவர் வரவு அந்தரத்தில் நின்றது. 2017-18, 2018-19 ஆகிய இரு வருஷங்களிலும் இப்படிப்பட்ட தவறுகள் ஏராளமாக நேர்ந்ததைக் கண்டு, 2022 டிசம்பர் 27-ல் மத்திய மறைமுக வரி வாரியமே ஒரு சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஒரு வியாபாரியிடம் ஒரு வருஷத்தில் ஏற்பட்ட வித்தியாசம் 5 லட்சத்துக்கு உட்பட்டதானால், 'ஆம், விற்றேன், வரி கட்டினேன்' என்று அந்த வியாபாரி எழுதிக் கொடுக்கும் சான்று போதும். ஒரே ஒரு பக்கம்! முதல் கடிதத்துக்கு அந்த ஒரு பக்கத்தை அனுப்பியிருந்தால் ஒரு பைசா கட்ட வேண்டியிருந்திராது. படிக்காததனால் 18 சதவிகித வட்டியும், நூற்றுக்குப் பத்து அபராதமும் ஏறி, தொகை இரட்டித்து, அம்மாளின் வளையலும் கையை விட்டுப் போயிற்று.

உத்தரவுக்கு அப்பீல் செய்ய மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் மேலும் ஒரு மாதம். விரல் விட்டு எண்ணினோம். ஆகஸ்டு 26. ஒன்பது நாள்தான் பாக்கி!

அண்ணாச்சி அப்போதுதான் உட்கார்ந்தார்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறோம். நாம் கடிதம் படிக்கத் தெரிந்தவரே தவிர வாதாடத் தெரிந்தவர் அல்ல; ஆகவே அன்றே ஆடிட்டர் ஒருவரிடம் அழைத்துப் போனோம். காகித வியாபாரி முதலில் கொஞ்சம் முறைத்தாலும் சான்று கொடுத்தார். தகராறான வரியில் பத்திலொரு பங்கு, 21,600 ரூபாய் கட்டி, 22-ஆம் தேதி அப்பீல் தாக்கலாயிற்று. அப்படிக் கட்டிவிட்டால் மீதித் தொகையை வசூலிப்பது நின்றுவிடும் என்பது சட்டம். ஆனால் சட்டம் நின்ற வேகத்தில் வங்கி நிற்கவில்லை. கணக்கு திறக்க இன்னும் ஒரு சனிக்கிழமை கழிய வேண்டியிருந்தது.

இதை ஒரு தனி மனிதரின் துரதிருஷ்டம் என்று தள்ளிவிட முடியவில்லை. 'நோட்டீஸ் தளத்தில் இருந்தது, எங்கள் கண்ணில் படவில்லை' என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போன சிறு வியாபாரிகள் பலர். பல வழக்குகளில் வரியில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லி, மறுபடி விசாரிக்கும்படி நீதிபதிகள் திருப்பியனுப்பியிருக்கிறார்கள். கடிதத்தை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு, 'சேர்ப்பித்தாயிற்று' என்று சொல்வது நமக்குச் சரியாகப் படவில்லை. அண்ணாச்சியின் மேல் தவறே இல்லை என்றும் நாம் சொல்ல மாட்டோம். காலண்டர் அச்சிடுகிறவர் தம் கடிதத்துக்கு ஒரு தேதி வைத்துக்கொள்ளவில்லையே!

வரி கொடுக்க நம் பக்கத்து ஜனங்கள் மனமில்லாதவர்கள் என்று யாராவது சொன்னால் நாம் ஒப்ப மாட்டோம். விருதுநகரில் வியாபாரிகள் தங்களுக்குத் தாங்களே மகமை என்று ஒரு வரி விதித்துக்கொண்டவர்கள். வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து வைத்து, 1889-ல் க்ஷத்ரிய வித்தியாசாலையைத் தொடங்கி நடத்தினார்கள். காமராஜர் அந்தப் பள்ளியில்தான் படித்தார். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்பது அடுப்படியில் நிற்கும் அம்மாளுக்கும் தெரிந்திருந்தது. வருமான வரி வந்த வழி வேறு. 1857-ஆம் வருஷத்து எழுச்சியை அடக்கிய செலவில் கஜானா காலியாகி, 1860-ல் ஜேம்ஸ் வில்ஸன் என்ற துரை கொண்டுவந்தது அது. அந்தத் துரை நம்மிடம் தம் பாஷையில் கேட்டதில் ஆச்சரியம் இல்லை.

அந்த வாரம் பத்தாம் வகுப்பில் ஆங்கிலக் கடிதம் எழுதும் பாடம். 'காய்ச்சலால் இரண்டு நாள் லீவு வேண்டும்' என்ற பழைய கடிதத்தை ஒதுக்கிவிட்டு, பெயரும் எண்ணும் மறைத்த ஒரு வரி நோட்டீஸைப் பிரதியெடுத்துப் பையன்களிடம் கொடுத்தோம். யார் எழுதியது, எந்தப் பிரிவு, எந்த வருஷம், என்ன கேட்கிறது, எத்தனை நாளில் பதில். முக்கால்வாசிப் பேர் கண்டுபிடித்துவிட்டார்கள். பட்டாசு ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகன், எப்போதும் கடைசி வரிசையில் இருப்பவன், எழுந்து நின்றான்.

"சார், இது நம்ம சர்க்கார்தானே? எங்க அப்பாவுக்குப் புரியுற மாதிரி ஏன் எழுத மாட்டேங்குறாங்க?"

தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் இந்த ராஜ்யத்தில் 1956-ல் நிறைவேறியது. அப்போது முதன்மந்திரியாக இருந்தவர் இதே விருதுநகர்க்காரர்தான் என்று சொல்ல வாயெடுத்தோம். மத்திய சர்க்காரின் காரியங்களுக்கு அது பொருந்தாது என்றும் சொல்ல வேண்டியிருக்கும். ஆனால் பையன் கேட்டது சட்டத்தைப் பற்றியல்ல. "நீ பெரியவனானதும் அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேள்" என்றோம். "இங்கிலீஷ்லயா சார்?" என்றான். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம், வேறு வழியில்லாமல்.

அண்ணாச்சியின் அப்பீல் மறு வருஷம் அவருக்கு அனுகூலமாகத் தீர்ந்தது. வளையல் அதற்கு முன்பே, தீபாவளிக்குள், திரும்பி வந்துவிட்டது. அந்த மார்கழியில் வழக்கம்போல் தினசரி காலண்டர் ஒன்றை நமக்குக் கொண்டுவந்து கொடுத்தார். தம் அச்சுக்கூடத்துச் சுவரிலும் அதையே மாட்டியிருக்கிறாராம். தாள்களைப் புரட்டிப் பார்த்தோம். ராகுகாலம், எமகண்டம், முகூர்த்தம் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஒவ்வொரு வெள்ளிக்கிழமைத் தாளின் அடியிலும் மட்டும் சிவப்பு மையில் ஒரு சிறு வரி புதிதாக அச்சாகியிருந்தது: 'வரித் தளத்தில் கடிதம் பார்.'

"எல்லாக் காலண்டர்லயும் போட்டுட்டேன் சார்," என்றார் அண்ணாச்சி. "ஆர்டர் குடுத்த கடைக்காரங்க யாரும் வேண்டாம்னு சொல்லலை."